செட்டிநாட்டு வீட்டுக் கொல்லையில் நாயை நீங்களே குளிப்பாட்டிச் சீர்படுத்த: முழுமையான வழிகாட்டி

முதன்முறை நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் குழாயைத் திறப்பதில்தான் தொடங்குகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. தண்ணீர் பட்டதும் சிக்குமுடி இறுகிப்போகும். துண்டு உள்ளே இருக்கும், ஷாம்பு புட்டியின் மூடி திறக்காது. அதற்குள் நாய் நுரையோடு வீட்டுக்கூடமான பட்டாலைக்குள் ஓடியிருக்கும்.

இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசியில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஷாம்பு போடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்பு சீவுவதும், அதன்பின் அலசுவதும், உலர்த்துவதும்தான் நாயின் தோலைக் காப்பாற்றுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, நாட்டு நாய் போன்ற குட்டைமுடி நாய்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பொமரேனியன், கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சு போன்ற நீளமுடி நாய்களுக்கு உலர்த்துவதையும் சேர்த்து இரண்டு மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் இல்லாத நாளில் குளியலைத் தள்ளிப்போடுங்கள். சீவி மட்டும் விட்டால் போதும்.

1. இன்று குளிப்பாட்டலாமா?

குட்டைமுடி நாட்டு நாய்க்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். லேப் (லேப்ரடார்) வகைக்கு மூன்று, நான்கு வாரம். நீளமுடி நாய்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம், ஆனால் சீவல் தினமும் உண்டு. வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை தலைமுழுக்குப் போல நாயையும் குளிப்பாட்டும் வீடுகள் பல உண்டு. தோலில் ஊறும் இயல்பான எண்ணெய் அப்படிப் போய்க்கொண்டே இருந்தால் தோல் வறண்டு அரிக்கும். நாய் சொறியும், சொறிவதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து மறுபடி குளிப்பாட்டுவார்கள்.

செம்மண் ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஷாம்பு தேவையில்லை. நம் பக்கத்துச் செம்மண் காய்ந்தபின் சீவினாலே உதிர்ந்துவிடும். ஈரத்தில் தேய்த்தால்தான் முடிக்குள் இறங்கிச் சாயம்போல நிற்கும், குறிப்பாக வெள்ளை ராஜபாளையத்தில்.

குளிப்பாட்டக் கூடாத நாட்கள் சில உண்டு. காய்ச்சல், வாந்தி, சோர்வு இருந்தால் வேண்டாம். அறுவைச் சிகிச்சை செய்திருந்தால், தையல் பிரித்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிடரியில் உண்ணி மருந்துச் சொட்டு விட்டிருந்தால் 48 மணி நேரம் காத்திருங்கள். குளித்த கையோடு விடுவதும் தவறு. அந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசையில் கலந்துதான் உடல் முழுக்கப் பரவுகிறது. ஷாம்பு அந்தப் பசையை எடுத்துவிடும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குளிக்கும் முன் பதினைந்து நிமிடம் வெளியே நடத்திக் கூட்டி வாருங்கள். வயிறும் மூத்திரப்பையும் காலியாக இருந்தால் நாய் அமைதியாக நிற்கும், நடுவில் இடத்தையும் அசிங்கப்படுத்தாது.

2. இடமும் நேரமும்

வீட்டின் நடுவில் இருக்கும் வளவில் குளிப்பாட்டாதீர்கள். திறந்த முற்றம், தண்ணீர் போக வழி, எல்லாம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் சுற்றிலும் ஆத்தங்குடிக் கல் என்னும் வழவழப்பான தரை ஓடு பதித்திருந்தால் ஈரமும் நுரையும் பட்டதும் அது வழுக்கும். கால் சறுக்கிய நாய் அன்றே பயந்துவிடும், அடுத்த முறை நிற்கவே நிற்காது. வயதான நாய்க்கு இடுப்பும் முழங்காலும் பிசகும். உதறும் தண்ணீர் மரத்தூணிலும் சுவரிலும் தெறிப்பது வேறு.

கொல்லையில் கிணற்றடியோ, குழாயடிச் சிமெண்டுத் தளமோதான் சரியான இடம். கதவைச் சாத்திவிட வேண்டும். தரையில் ஒரு சணல் சாக்கை நனைத்து விரியுங்கள். காலுக்குப் பிடிமானம் கிடைத்தால் பாதி முரண்டு குறையும். ரப்பர் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

சிறிய நாயாக இருந்தால் துணி துவைக்கும் கல்லின்மேல் சாக்குப் போட்டு நிற்க வைக்கலாம். உங்கள் முதுகு தப்பிக்கும். ஒரு கை எப்போதும் நாயின்மேல் இருக்க வேண்டும். கல்லிலிருந்து குதித்துக் கால் முறித்துக்கொள்ளும் குட்டிகள் உண்டு. கிணற்றுக்குத் தடுப்புச் சுவர் தாழ்வாக இருந்தால் அதன் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

ஊரணியில் இறக்கிக் குளிப்பாட்டுவது பழைய வழக்கம். அதை விட்டுவிடுங்கள். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். காதுக்குள் அழுக்குத் தண்ணீர் போவதும் அங்கேதான். ஊர் புழங்கும் தண்ணீரில் ஷாம்பும் உண்ணி மருந்தும் கலக்கவும் கூடாது.

சித்திரை, வைகாசியில் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். மார்கழியில் பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். அந்தி நேரக் குளியல் எந்த மாதத்திலும் வேண்டாம். அடிமுடி ஈரமாகவே இரவைக் கழித்தால் மறுநாள் நாற்றமும் அரிப்பும் வரும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி நாய்களுக்கு உடலில் கொழுப்பு குறைவு, சட்டென்று குளிரில் நடுங்கும்.

3. கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

நாயைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். நடுவில் எழுந்து உள்ளே போகும் வேலையே இருக்கக் கூடாது.

தண்ணீர்: ராஜபாளையம் அளவு நாய்க்குப் பதினைந்து லிட்டர் வாளியில் நான்கு வாளி, பொமரேனியனுக்கு இரண்டு வாளி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குமேல் அலசுவதற்குத்தான். ஒரு மக்கு. குழாய் இருந்தால் பூவாளி போலத் தூவும் முனை பொருத்திக்கொள்ளுங்கள். ஒரே தாரையாகப் பீய்ச்சினால் நாய் மிரளும்.

சீப்பு, தூரிகை: குட்டைமுடிக்கு ரப்பர்ப் பற்கள் உள்ள கையுறை. நீளமுடிக்கு வளைந்த மெல்லிய கம்பிப்பற்கள் கொண்ட தூரிகையும், ஒருபாதி நெருக்கமாகவும் மறுபாதி அகலமாகவும் பல் உள்ள எஃகுச் சீப்பும். தெள்ளுப்பூச்சி பார்க்கப் பேன்சீப்பு.

மற்றவை: மூன்று பழைய பருத்தித் துண்டு, பஞ்சு உருண்டை, முனை மழுங்கிய கத்தரி, உண்ணி எடுக்க முள்வாங்கி, சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு சின்னக் கிண்ணம், கொடுத்துப் பழக்கத் துண்டு துண்டாக வேகவைத்த கோழிக்கறி. உப்பு, வெங்காயம், மசாலா சேராத வெறும் கறிதான். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

கட்ட ஒரு பருத்திக் கயிறு. ஒரு முனையை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சாகப் போடுங்கள். சுருக்கு வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். தோல் கழுத்துப்பட்டை நனைந்தால் விறைக்கும், சாயம் வெள்ளை முடியில் இறங்கும். அன்றைக்கு மட்டும் துணிப்பட்டை போடுங்கள். கட்டிப்போட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது.

4. ஷாம்பு, அதைவிட முக்கியமாக எது ஆகாது

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும். நாயின் தோல் ஏழை ஒட்டி, நடுநிலையில் இருக்கிறது. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதனால் நம் ஷாம்பு, குளியல் சோப்பு, துணி சோப்பு எதுவும் அதற்கு ஒத்துவராது. நாய்க்கென்றே விற்கும், வாசனை குறைந்த ஷாம்பு வாங்குங்கள்.

அதை நேராக முதுகில் ஊற்றாதீர்கள். ஒரு பங்கு ஷாம்புக்கு எட்டுப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து ஒரு புட்டியில் குலுக்கிக்கொள்ளுங்கள். புட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கெட்டியாக ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே தங்கும், அலசினாலும் போகாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்பை அவர் சொன்னபடிதான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் இருக்கிறதே என்று எடுக்கப்படும் சில பொருட்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீயக்காய் கண்ணில் பட்டால் நமக்கே எப்படி எரியும் என்று தெரியும். நாயால் கண்ணைக் கழுவிக்கொள்ள முடியாது. கிருமிநாசினித் திரவம், பினாயில் இரண்டும் தோலைப் பொசுக்கும், நக்கினால் வயிற்றைக் கெடுக்கும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் குழைத்து உண்ணிக்குத் தடவுவார்கள். கற்பூரம் நாய்க்கு நஞ்சு, தோல் வழியாகவும் ஏறும், வலிப்பு வரும். மண்ணெண்ணெயும் அப்படியே. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய்மேல் ஊற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நாய்க்குத் தாங்கும் சில உண்ணி மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

5. நனைக்கும் முன் சீவுங்கள்

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள். உதிர்ந்த அடிமுடி உள்ளே சிக்கியிருக்கும்போது தண்ணீர் பட்டால் அது கம்பளிபோல இறுகிச் சடையாகிவிடும். அந்தச் சடைக்குள் போன ஷாம்பு வெளியே வராது, ஈரம் காயாது, அடியில் தோல் புழுங்கிப் புண்ணாகும்.

குட்டைமுடி நாயைக் கையுறையால் ஐந்து நிமிடம், முடி போகும் திசையில் தேயுங்கள். அது போதும்.

நீளமுடிக்கு வரிசை வேண்டும். பின்காலில் தொடங்கி மேலே ஏறுங்கள். இடது கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்து, அடியில் தோல் தெரியும் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கிச் சீவுங்கள். மேலாகத் தடவிவிட்டால் மேல்முடி பளபளக்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். சரியாகச் சீவியாயிற்றா என்று பார்க்க எஃகுச் சீப்பைத் தோலிலிருந்து முனைவரை ஓட்டிப்பாருங்கள். தடுக்காமல் வந்தால் அந்த இடம் முடிந்தது.

சிக்கு அதிகம் விழும் இடங்கள்: காதுக்குப் பின்புறம், கழுத்துப்பட்டைக்கு அடி, முன்கால் அக்குள், தொடையின் பின்புறம், வாலின் அடி. சிக்கைப் பிய்க்கும்போது அதன் வேரை, அதாவது தோலை ஒட்டிய முடியை, விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனையிலிருந்து பிரியுங்கள். இழுப்பு உங்கள் விரலில் நின்றுவிடும், தோலுக்குப் போகாது. பிரியவே பிரியாத சடையைக் கத்தரியால் வெட்டுவதானால், சடைக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்பின் மேலாகத்தான் வெட்ட வேண்டும். சடையோடு தோலும் மேலே எழும்பி வரும், வெட்டுப்பட்ட பிறகுதான் தெரியும். தோலோடு ஒட்டிய பெரிய சடையை நீங்கள் தொட வேண்டாம்.

6. உண்ணியும் முள்ளும்

சீவும்போதே கண்ணும் விரலும் தோலைப் படிக்க வேண்டும். நம் ஊர்க் கொல்லையிலும் ஊரணிக்கரையிலும் நெருஞ்சி, நாயுருவி, ஒட்டுப்புல், சீமைக்கருவேல முள் எல்லாம் உண்டு. நாயுருவி விதை விரலிடுக்கில் ஏறினால் நாள்பட உள்ளே நகர்ந்து சீழ் வைக்கும். நாய் ஒரே காலை நக்கிக்கொண்டே இருந்தால் முதலில் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள்.

உண்ணி தேட வேண்டிய இடங்கள்: காதின் உள்மடிப்பு, கண்ணிமை ஓரம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு, வாலின் அடி. முள்வாங்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். எடுத்ததைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கிருமி உங்கள் கையில் படும். நெருப்பு காட்டுவது, எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பது இரண்டும் தவறு. உண்ணி கலவரப்பட்டுத் தன் எச்சிலைக் கடிவாயிலேயே கக்கிவிடும்.

நாயில் காணும் உண்ணி மொத்தத்தில் சிறு பங்குதான். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழப் பழகியது. ரத்தம் குடித்துப் பருத்த பெட்டை கீழே விழுந்து, சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய வீடுகளில் நிலைக்கதவின் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான பிளவு, தூணின் அடிக்கல் ஓரம், மச்சுப்படிக்கு அடி, இவையெல்லாம் அதற்கு வசதியான இடங்கள். நாயைக் குளிப்பாட்டும் அன்றே அது படுக்கும் சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள், பிளவுகளைத் தூசியின்றித் துடைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் பதினைந்து நாளில் அதே எண்ணிக்கை திரும்பி நிற்கும்.

உண்ணி இருந்த நாய் சாப்பாட்டை வெறுத்தால், ஈறு வெளிறியிருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் குளியலை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சல் நாள் கடந்தால் கைமீறிப் போகும்.

7. நனைப்பது

மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரும் வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயின் தண்ணீரும் கொதித்துக் கிடக்கும். முதலில் ஒரு வாளி ஓடவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள். சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று தோன்ற வேண்டும். மார்கழியில் கிணற்றுத் தண்ணீரோடு கொஞ்சம் வெந்நீர் கலக்கலாம்.

இரண்டு காதிலும் பஞ்சு உருண்டையை வாயிலில் மட்டும் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். பின்னங்கால் பாதத்தில் தொடங்கி, தொடை, முதுகு, தோள், கழுத்து என்று முன்னேறுங்கள். தலையில் முதலில் தண்ணீர் பட்டால் நாய் உடனே உதறும், அதற்குமேல் அதன் நம்பிக்கையைப் பெறுவது கடினம்.

குழாய் முனையை உடலை ஒட்டிப் பிடியுங்கள். தூரத்திலிருந்து அடிக்கும் தண்ணீர் மேல்முடியில் வழிந்து போகும். லேப், பொமரேனியன் போன்ற இரட்டை அடுக்கு முடி எண்ணெய்ப் பசையால் தண்ணீரைத் தள்ளும். விரலால் பிரித்துத் தோல்வரை நனைக்க ஐந்து நிமிடமாவது பிடிக்கும். தோல் நனையாமல் ஷாம்பு போட்டால் நுரை வராது. நுரை வரவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள், அத்தனையையும் பிறகு அலச வேண்டியிருக்கும்.

8. ஷாம்பு போடும் வரிசை

தெள்ளுப்பூச்சி இருக்கும் நாய்க்கு முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரை போடுங்கள். உடல் நனைந்ததும் பூச்சிகள் தலைக்கு ஓடும். நுரை வளையம் வழியை அடைக்கும். பூச்சி இல்லாவிட்டால் முதுகில் தொடங்கலாம்.

விரல் நுனியால், நகம் படாமல், முடி போகும் திசையில் தேயுங்கள். நீளமுடியை வட்டமாகக் கசக்கினால் நீங்கள் சீவியது எல்லாம் வீணாகும். வயிறு, அக்குள், தொடை இடுக்கு, பாதத்தின் அடி, வாலடி இவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். முகத்துக்கு ஷாம்பு வேண்டாம். ஈரத்துணியால் கண்ணோரம், தாடை, உதட்டு மடிப்பு இவற்றைத் துடையுங்கள்.

மருந்து ஷாம்பு என்றால் பொதுவாகப் பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கில் பத்து நிமிடம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரம் முழுக்கக் கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, பேசிக்கொண்டே தடவுங்கள். நக்கவிடாதீர்கள்.

9. அலசல்: இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள்

குளித்த மறுநாள் நாய் சொறிகிறது, பொடுகுபோல உதிர்கிறது என்றால், பெரும்பாலும் ஷாம்பு தோலிலேயே தங்கிவிட்டது என்று பொருள். தேய்த்த நேரத்தைப்போல இருமடங்கு நேரம் அலசுங்கள்.

இப்போது வரிசை தலைகீழ். கழுத்திலிருந்து தொடங்கி வாலுக்கு, மேலிருந்து கீழுக்கு. நுரை இறங்கும் பாதையிலேயே தண்ணீரும் இறங்க வேண்டும். பாதத்தை முதலில் அலசினால் முதுகு நுரை மறுபடி அங்கே வந்து சேரும்.

தண்ணீர் தெளிவாக ஓடுவதை மட்டும் நம்பாதீர்கள். விரல்களுக்கிடையில் முடியைப் பிடித்து இழுத்துப்பாருங்கள். வழவழப்பு இருந்தால் ஷாம்பு இன்னும் இருக்கிறது. அக்குள், மார்பெலும்பின் அடி, விரலிடுக்கு, கழுத்துப்பட்டை இடம், இந்த நான்கும் எப்போதும் விட்டுப்போகும் இடங்கள்.

சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன காரைக்குடியிலும் எல்லா வீட்டு ஆழ்துளைக் கிணறும் அப்படி இனிப்பதில்லை. உப்புத் தண்ணீரில் நுரை குறைவாக வரும், அலசியபின் ஒரு படலம் நிற்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் அப்படி என்றால் கடைசி ஒரு வாளியாவது குடிக்கும் நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

10. உலர்த்துவது

முதலில் நாயை உதறவிடுங்கள். பாதித் தண்ணீர் அதிலேயே போகும். காதுப் பஞ்சை எடுத்துவிட்டு மெல்ல காதில் ஊதினால் உடனே உதறும். பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள். நீளமுடியைத் துண்டால் தேய்த்தால் மறுபடி சிக்கு விழும்.

குட்டைமுடி நாயைத் திண்ணை நிழலில், மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் கட்டிவைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வெயிலில் காயட்டும் என்று மொட்டைமாடியில் விடாதீர்கள். நாயின் உடல் சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் இருக்கும். அதற்கு வியர்த்துக் குளிர வழியில்லை, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் தளமும் பாதத்தைச் சுடும். மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு நன்றாகச் சிவந்து, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுவந்து சாதாரணத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, விசிறி போட்டு, மருத்துவரிடம் ஓடுங்கள்.

அடர்முடி நாய்க்குக் காற்றடிக்கும் கருவி வேண்டும். தலைமுடி உலர்த்தியைப் பயன்படுத்தினால் குளிர்காற்றில் மட்டும், ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். மறுகை நாயின் தோல்மேல் இருக்கட்டும். உங்கள் கைக்குச் சூடு தெரிந்தால் நாய்க்கு அது அதிகம். ஈரமான தரையில் மின்கருவி வேண்டாம். நாயையும் உங்களையும் உலர்ந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டு தொடங்குங்கள். காற்றடிக்கும்போதே சீவிக்கொண்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பகுதியை அரைகுறையாக விட்டால் இரண்டு நாளில் முடிக்கு அடியில் ஈரப்புண் கிளம்பும். வட்டமாகச் சிவந்து, கசிந்து, முடி ஒட்டிக்கொண்டிருக்கும். நாய் அந்த ஒரே இடத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மஞ்சள் பூசி மூடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

11. காது

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கிப் பிறகு உள்ளே மடங்குகிறது. அதனால் போன தண்ணீர் தானாக வராது. குளியலுக்குப் பிறகு காது பார்ப்பது இதற்காகத்தான்.

மருத்துவர் தந்த காதுத் திரவத்தைச் சில சொட்டு விட்டு, காதின் அடியை வெளிப்புறமாக முப்பது விநாடி பிசையுங்கள். சளக் சளக் என்று கேட்கும். விலகி நின்று உதறவிடுங்கள். மேலே வந்த அழுக்கை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பட்ஸ் குச்சி உள்ளே போகக் கூடாது, அழுக்கை மடிப்புக்கு உள்ளே தள்ளிவிடும். தேங்காயெண்ணெய் விடுவதும் வேண்டாம். கெட்ட வாடை, காப்பித்தூள் போன்ற அழுக்கு, சிவப்பு, தலையைச் சாய்த்துக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் திரவம்கூட விடாமல் மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் உள்ளே விடும் எதுவும் கேடு.

12. நகம், வேறொரு நாளில்

குளியலும் நகவெட்டும் ஒரே நாளில் வேண்டாம். சலித்துப்போன நாயிடம் மூன்றாவது தொல்லையைக் கொடுத்தால் கடிக்கும். இரண்டு நாள் கழித்து, நல்ல வெளிச்சத்தில், நடந்து களைத்து வந்த நாயிடம் தொடங்குங்கள். நடக்கும்போது தரையில் டக் டக் என்று கேட்டால் நகம் நீண்டுவிட்டது.

வெள்ளை நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ரத்தநாளம் தெரியும். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது. மெல்லிய சீவலாகச் சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் முகப்பைப் பாருங்கள். நடுவில் கரும்புள்ளி தோன்றினால் அதோடு நிறுத்த வேண்டும். முன்காலின் உட்புறம் சற்று மேலே தொங்கும் தனி நகத்தை மறக்காதீர்கள். அது தரையில் தேயாது. வளைந்து சதைக்குள்ளேயே குத்தும்.

ரத்தம் வந்தால் பதறாமல் சோளமாவை நகமுனையில் அழுத்திப் பிடியுங்கள், ஐந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல். ஒரே உட்காரலில் நான்கு காலையும் முடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு கால் போதும்.

நாய் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். நாயின் தடுப்பூசிச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

13. கத்தரி எவ்வளவு

பாதத்தின் அடியில் விரல்களுக்கிடையே நீண்ட முடியையும், ஆசனவாயைச் சுற்றிய முடியையும் மழுங்கு முனைக் கத்தரியால் குறைக்கலாம். ஆத்தங்குடிக் கல் தரையில் நடக்கும் நாய்க்குப் பாதமுடி குறைப்பது அழகுக்காக அல்ல, வழுக்காமல் இருக்க.

வெயில் என்று பொமரேனியனையும் லேப்பையும் மொட்டையடிப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த இரட்டை முடி வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது. மொட்டையடித்தபின் தோல் நேராக வெயிலில் வேகும், முடி திட்டுத்திட்டாகத் திரும்ப வரும், சில நாய்களுக்கு வராமலே போகும். அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்றோட்டம் கிடைத்துவிடும். வாலடியில் உள்ள சுரப்பியைப் பிதுக்குவதும் கற்றவர் வேலை. நாய் பின்புறத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு நகர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

14. தொட்டியும் கருவியும் வாடகைக்குக் கிடைக்கும் இடத்துக்குப் போனால்

பெரிய நகரத்தில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, நாமே நாயைக் குளிப்பாட்டிக்கொள்ளும் கடை கிடைத்தால் மேலே சொன்ன வரிசையே அங்கும் பொருந்தும். இடுப்புயரத் தொட்டி, தூவுகுழாய், பெரிய காற்றடி கருவி இருக்கும். நேரக் கணக்கில் கட்டணம் என்றால் சீவுவதையும் சிக்கெடுப்பதையும் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

முந்தைய நாயின் முடியும் ஷாம்பும் தொட்டியில் இருக்கும், முதலில் அதை அலசுங்கள். தண்ணீர்ச் சூட்டை உங்கள் கையில் பார்த்த பிறகே நாய்மேல் காட்டுங்கள். தொட்டியில் கழுத்தை மாட்டும் வளையத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மாட்டிவிட்டு ஷாம்பு எடுக்கத் திரும்பும் நேரத்தில் குதித்துத் தொங்கிவிடும் ஆபத்து உண்டு. காற்றடி கருவியின் இரைச்சலுக்கு முதன்முறை எல்லா நாயும் மிரளும். தூரத்தில் ஓடவிட்டுப் பழக்கி, குறைந்த வேகத்தில் பின்தொடையிலிருந்து தொடங்குங்கள். முகத்துக்கும் காதுக்கும் அது வேண்டாம். தடுப்பூசி முழுதும் முடியாத குட்டியை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

15. எடுத்து வைப்பது

சீப்பிலும் தூரிகையிலும் உள்ள முடியை எடுத்துவிட்டு, சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவையுங்கள். சொறியோ படர்தாமரையோ இருந்த நாயின் சீப்பு வேறு நாய்க்குப் போகக் கூடாது. உதிர்ந்த முடியைக் கொல்லை வாய்க்காலில் விட்டால் அடைத்துக்கொள்ளும், கூட்டி அள்ளிவிடுங்கள். உண்ணிக் கிண்ணத்தைச் செடியடியில் கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

கழுத்துப்பட்டையைக் கழுத்துமுடி முழுதும் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். குளித்த நாய் நேராகப் போய்ச் செம்மண்ணில் புரளும். அதன் சொந்த வாசனையைத் தேடி அப்படிச் செய்கிறது என்பார்கள். கோபிக்காமல், நன்றாகக் காயும்வரை ஒரு மணி நேரம் கொல்லைக் கதவைச் சாத்தி வையுங்கள்.